லினக்ஸ் பூட் ஆகவில்லை என்றால்: ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டிய வரிசை

லினக்ஸ் சிஸ்டம் பூட் ஆகாமல் நின்றதும் புதியவர்கள் முதலில் தட்டுவது எஃப்எஸ்சிகே. பல நேரம் அது சரியாக வேலை செய்துவிடுகிறது. ஆபத்தே அங்கேதான். எஃப்எஸ்சிகே என்பது ஃபைல் சிஸ்டத்தை, அதாவது டிஸ்க்கில் ஃபைல்கள் அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பை, சரிபார்த்துப் பழுது பார்க்கும் கருவி. அது டிஸ்க்கில் எழுதுகிற கருவி. டிஸ்க் சாகக் கிடந்தாலோ, ரேம் கெட்டிருந்தாலோ, கேபிள் தளர்ந்திருந்தாலோ, அது தப்பாகப் படித்ததை நம்பி, நன்றாக இருந்த ஃபைல்களையும் பிய்த்துப் போட்டுவிடும். அதனால் இங்கே அது ஆறாவது இடத்தில்தான் வருகிறது.

கட்டளைகளை ஃபோனில் சொல்வதுபோல் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறது. தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். ‘டி’ என்று வந்தால் டெல்லியின் டி, ‘பி’ என்று வந்தால் பாம்பேயின் பி. டைகரின் டி வருகிற இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறது.

1. கிளம்பும் முன் பையில் இருக்க வேண்டியவை

சிஸ்டம்ரெஸ்க்யூ (பென்டிரைவிலிருந்தே ஓடும், பழுது பார்ப்பதற்கான லினக்ஸ்) போட்ட பென்டிரைவ் ஒன்று. டிஸ்க்கின் நலம் பார்க்கும் ஸ்மார்ட்சிடிஎல், கெட்ட டிஸ்க்கைக் காப்பி எடுக்கும் டிடிரெஸ்க்யூ, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் எல்லாம் அதிலேயே இருப்பதால் கடையில் நெட் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். உபுண்டு லைவ் பென்டிரைவும் போதும், ஆனால் சில கருவிகளை நெட்டில் இறக்க வேண்டியிருக்கும். சிஸ்டம்ரெஸ்க்யூ எழும்ப பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் அமைப்பு) செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். இது தெரியாமல் பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு.

கெட்ட டிஸ்க்கின் அளவுக்குச் சமமான அல்லது பெரிய காலி டிஸ்க் ஒன்று. 500 ஜிபி டிஸ்க்குக்கு இன்னொரு 500 ஜிபி போதும் என்று எடுத்துப் போனால், சில நேரம் கொஞ்சமே குறைந்து காலை வாரிவிடும். 1 டிபி எடுத்துப் போவது நிம்மதி.

புது சாட்டா கேபிள் (டிஸ்க்கையும் போர்டையும் இணைப்பது) இரண்டு, பயாஸின் தேதியைக் காக்கும் சிஆர்2032 பேட்டரி ஒன்று, இன்னொரு சாதாரண பென்டிரைவ், ஸ்க்ரூ டிரைவர், பென்சில் அழிக்கும் ரப்பர். கேபிளையும் பேட்டரியையும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகும்போதே நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணூரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கேபிளுக்காக மவுண்ட் ரோடு வரை போய் வந்தால் அரை நாள் போய்விடும்.

2. எந்தப் படியில் நிற்கிறது?

வண்ணாரப்பேட்டை டிடிபி கடையிலிருந்து வரும் ஃபோன் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “அண்ணே, ராத்திரி கரண்ட் வந்து வந்து போச்சு. காலைல ஆன் பண்ணா சிஸ்டம் ஏறல.” ‘ஏறல’ என்ற ஒரு சொல்லுக்குள் ஆறு வேறு வேறு கோளாறுகள் இருக்கலாம். “ஸ்கிரீன்ல கடைசியா இன்னா எழுத்து நிக்குது தம்பி? அப்டியே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு” என்று கேட்பதே முதல் வேலை.

ஃபேன் சுற்றியும் ஸ்கிரீனில் எதுவுமே வராவிட்டால் லினக்ஸுக்கு அதில் பங்கே இல்லை. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி), ரேம், போர்டு இவற்றில் பாருங்கள். பூட் டிவைஸ் இல்லை என்று வந்தால் பயாஸுக்கு டிஸ்க் தெரியவில்லை, அல்லது பூட் வரிசை மாறிவிட்டது. ‘கிரப் ரெஸ்க்யூ’ (கிரப் என்பது லினக்ஸை ஏற்றிவிடும் பூட் மெனு) என்று நின்றால் டிஸ்க்கின் தொடக்கம் படிக்கிறது, அதற்கு அடுத்தது கிடைக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று நின்றால் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ஏறிவிட்டது, ரூட் பார்ட்டிஷனை (சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதி) மவுண்ட் செய்ய, அதாவது திறந்து இணைக்க, முடியவில்லை. ‘எமர்ஜென்சி மோட்’ வந்தால் ரூட்டும் ஏறிவிட்டது, வேறு ஏதோ பார்ட்டிஷனில் சிக்கல். பாஸ்வேர்டு போட்டும் திரும்ப லாகின் திரைக்கே வந்தால், பல நேரம் டிஸ்க்கில் இடம் நிரம்பிவிட்டது என்று பொருள்.

லோகோ மட்டும் சுற்றிக்கொண்டு எழுத்தே தெரியாவிட்டால் கிரப் மெனுவை வரவழையுங்கள். பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிக்க வேண்டும், யூஇஎஃப்ஐ (புது வகை பயாஸ்) என்றால் எஸ்கேப்பைத் தட்ட வேண்டும். மெனுவில் ‘இ’ தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் ‘கொயட்’, ‘ஸ்பிளாஷ்’ இரண்டையும் அழித்துவிட்டு எஃப்10. இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், பயப்பட ஒன்றுமில்லை. எழுத்துகள் ஓடி எங்கே நிற்கிறதோ அங்கே போட்டோ எடுங்கள்.

3. மூடியைத் திறந்து பார்ப்பது

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்த பிறகே உள்ளே கை வையுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக இருக்கும் சிஸ்டங்களில் உப்புக்காற்று முதலில் பிடிப்பது ரேமின் கால்களையும் சாட்டா முனைகளையும்தான். ரேமைக் கழற்றி, பொன்னிறக் கால்களை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளைத் தட்டிவிட்டு மாட்டுங்கள். சாட்டா கேபிளைத் துடைத்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். போர்டிலும் வேறு போர்ட்டில் குத்துங்கள். டிஸ்க் செத்துவிட்டது என்று எழுதி வைத்த பல மிஷின்களில் கோளாறு இந்தக் கேபிள்தான்.

அடுத்தது பேட்டரி. பயாஸில் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் சிஆர்2032 தீர்ந்துவிட்டது. தேதி பின்னால் போனால், கடைசியாக மவுண்ட் ஆன நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று எஃப்எஸ்சிகே புலம்பும். பார்ப்பவர் டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைப்பார். பேட்டரி போனால் பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பும். யூஇஎஃப்ஐயில் போட்ட லினக்ஸ், பயாஸ் லெகசி (பழைய பயாஸ்) மோடுக்கு மாறினால் ஏறாது. சாட்டா மோட் ‘ரெய்டு’ என்று மாறினால் சில மிஷின்களில் என்விஎம்இ டிஸ்க்கே (போர்டில் நேராகச் செருகும் எஸ்எஸ்டி) லினக்ஸ் கண்ணுக்குத் தெரியாது. பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, சாட்டா மோடை ‘ஏஎச்சிஐ’ என்று வையுங்கள்.

மழை வெள்ளத்தில் நனைந்த டிஸ்க் என்றால் இங்கேயே நிறுத்துங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தரைத்தளக் கடைகளில் இருந்த சிஸ்டங்கள் பல மூழ்கின. காய வைத்து ஆன் செய்து பார்க்கலாம் என்ற ஆசைதான் அப்படி நனைந்த டிஸ்க்குக்கு எமன். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. அழுக்குத் தண்ணீர் உள்ளே போயிருந்தால், தட்டு சுற்றத் தொடங்கியதும் கீறல் விழும். டேட்டா வேண்டுமென்றால் ரெக்கவரி லேபுக்குத்தான் போக வேண்டும். ‘டக், டக்’ என்று அடிக்கிற டிஸ்க்குக்கும் இதே பதில்தான்.

4. டிஸ்க்கின் நாடி பிடிப்பது

சிஸ்டம்ரெஸ்க்யூவில் ஏறியதும் முதல் கட்டளை: எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மாடல்,சீரியல்

எந்தப் பெயர் எந்த டிஸ்க் என்று இங்கேயே பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் எஸ்டிஏ என்று பழகிய டிஸ்க், லைவ் பென்டிரைவில் ஏறும்போது எஸ்டிபி ஆகிவிடலாம். ஒரே கம்பெனியின் 500 ஜிபி டிஸ்க் இரண்டு மாட்டியிருந்தால் அளவும் மாடலும் ஒன்றாகவே காட்டும். டிஸ்க் மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் சீரியலின் கடைசி நாலு எழுத்தைப் பார்த்து, ஸ்கிரீனில் அதே நாலு எழுத்து எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துப் பொருத்துங்கள். காலி டிஸ்க்கை டேட்டா டிஸ்க்மேல் காப்பி செய்த கதைகள் எல்லாம் இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்ததால் வந்தவை.

பிறகு: ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ. ‘சிடிஎல்’ என்று முடிகிற கட்டளைகளில் எல்லாம் டி டைகரின் டி. யூஎஸ்பி கேஸில் போட்ட டிஸ்க் பதில் சொல்லாவிட்டால் நடுவில் ‘-டி சாட்’ சேருங்கள். சாட்டின் கடைசி எழுத்து டைகரின் டி.

மேலே ‘பாஸ்டு’ என்று வருவதை நம்ப வேண்டாம். சாகும் நாள் வரை பாஸ்டு சொல்லும் டிஸ்க்குகள் ஏராளம். கீழே வரும் பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் வலது ஓரம் கடைசியாக வரும் எண்ணைப் பாருங்கள்.

5 என்ற வரி, கெட்டுப்போய் மாற்று இடத்துக்குத் தள்ளப்பட்ட செக்டார்கள். சில இருந்து பல மாதமாக ஏறாமல் இருந்தால் ஓட்டலாம். 197 என்ற வரி, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள். இது பூஜ்யம் இல்லையென்றால் இப்போதே டேட்டா போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். 198-உம் அதே வகை. இந்த மூன்றும் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறியிருந்தால் சந்தேகம் முதலில் கேபிள்மேல், டிஸ்க்மேல் அல்ல. 199 எப்போதும் கீழே இறங்காது. இன்றைய எண்ணைக் குறித்துவைத்து, கேபிள் மாற்றிய பிறகு ஏறுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

என்விஎம்இ டிஸ்க்கில் இந்த எண்கள் இருக்காது. ‘பர்சென்டேஜ் யூஸ்டு’, ‘அவைலபிள் ஸ்பேர்’, ‘மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்’ மூன்றையும் பாருங்கள். கடைசியில் பூஜ்யம் தவிர எது இருந்தாலும் நல்ல செய்தி அல்ல.

கர்னல் என்ன சொல்கிறது என்பதையும் பாருங்கள். டிஎம்இஎஸ்ஜி தட்டினால் வரும் குவியலில் ‘யூஎன்சி’ என்று இருந்தால் டிஸ்க்கின் தட்டிலேயே படிக்க முடியவில்லை. ‘ஐசிஆர்சி’ என்று இருந்தால் டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே, அதாவது கேபிளில், தகவல் கெடுகிறது. இரண்டுக்கும் பக்கத்திலேயே ஐ/ஓ எரர் என்று பொதுவாக எழுதியிருப்பதால் அதை மட்டும் படித்துவிட்டுப் புது டிஸ்க் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

197 பூஜ்யம் இல்லையென்றால் லாங் டெஸ்ட் ஓட்டாதீர்கள். அது டிஸ்க்கை முழுதாகப் படிக்கும். டிஸ்க்கிடம் மிச்சமிருக்கும் தெம்பை டேட்டா எடுக்கச் செலவழிப்பதே சரி.

5. டேட்டாவை வெளியே எடுப்பது

உரிமையாளரிடம் முதலில் ஒரு கேள்வி: “இதுல எது போனா கடையை மூடணும்?” பெரும்பாலும் பதில் ஒரே ஃபோல்டர்தான்: பில்லிங் டேட்டா, கல்யாணப் பத்திரிகை டிசைன்கள், டியூஷன் பிள்ளைகளின் மார்க் பட்டியல். டிஸ்க் மவுண்ட் ஆகிற நிலையில் இருந்தால் அந்த ஃபோல்டரை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள். முழு டிஸ்க்கையும் காப்பி செய்வது அதற்கு அப்புறம்.

மவுண்ட் -ஓ ஆர்ஓ,நோலோடு /டெவ்/எஸ்டிஏ2 /எம்என்டி

கடைசிச் சொல்லின் டி டைகர் டி. ‘ஆர்ஓ’ மட்டும் போட்டால் படிக்க மட்டும் என்று நினைப்போம். ஆனால் லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 அப்போதும் ஜர்னலை (எழுதி முடிக்காத மாற்றங்களின் குறிப்பு) ஓட்டி டிஸ்க்கில் எழுதும். ‘நோலோடு’ சேர்த்தால்தான் அது நிற்கும்.

எடுத்ததும் அன்மவுண்ட் செய்துவிட்டு முழுக் காப்பி. இதற்கு வெறும் டிடி வேண்டாம். முதல் எரரிலேயே நின்றுவிடும், எங்கே விட்டது என்ற கணக்கும் வைக்காது. டிடிரெஸ்க்யூ நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட இடங்களைக் கடைசிக்குத் தள்ளும்.

முதல் சுற்று: டிடிரெஸ்க்யூ -எஃப் -என் /டெவ்/எஸ்டிஏ /டெவ்/எஸ்டிபி /பென்/மேப்

இரண்டாம் சுற்று: டிடிரெஸ்க்யூ -எஃப் -டி -ஆர்3 /டெவ்/எஸ்டிஏ /டெவ்/எஸ்டிபி /பென்/மேப்

முதலில் வருவது கெட்ட டிஸ்க், அடுத்து வருவது காலி டிஸ்க். மாற்றித் தட்டினால் திரும்பாது. பேப்பரில் எழுதியதை இன்னொரு முறை பாருங்கள். மூன்றாவது மேப் ஃபைல். எது முடிந்தது, எது பாக்கி என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. அதைக் கெட்ட டிஸ்க்கிலும் வைக்கக் கூடாது, லைவ் சிஸ்டத்தின் ரேமிலும் வைக்கக் கூடாது. இரண்டாவது பென்டிரைவை ‘/பென்’ என்ற ஃபோல்டரில் மவுண்ட் செய்து அதில் வையுங்கள். நடுவில் கரண்ட் போனால், மறுபடி ஏறி, டிஸ்க் பெயர்கள் மாறவில்லை என்று பார்த்துவிட்டு அதே கட்டளையைத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் ஃபைல் இல்லையென்றால் செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

நேரக் கணக்கு: நல்ல நிலையில் உள்ள 500 ஜிபி டிஸ்க், சாட்டாவில் நொடிக்கு 100 எம்பி என்றால் சுமார் ஒன்றரை மணி நேரம். பழைய யூஎஸ்பி 2 போர்ட்டில் நொடிக்கு 30 எம்பி என்றால் நாலரை மணிக்கும் மேல். கெட்ட டிஸ்க் என்றால் ராத்திரி முழுக்க ஓடலாம். அதனால் கேஸின் முன்பக்க யூஎஸ்பியில் செருகாமல், இரண்டு டிஸ்க்கையும் நேராகப் போர்டில் மாட்டுங்கள். டிஸ்க்மேல் சின்ன டேபிள் ஃபேன் காற்று படுகிற மாதிரி வைத்தால் நல்லது.

முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். இரண்டிலும் யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) ஒன்றாகவே இருக்கும். சேர்த்து மாட்டி பூட் செய்தால் எதிலிருந்து ஏறியது என்றே தெரியாமல் பழையதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

6. இப்போது எஃப்எஸ்சிகே

அதற்கும் முன் ஒன்று: பென்டிரைவ் மெனுவில் மெம்டெஸ்ட் இருக்கும். ஒரு முழுச் சுற்று ஓட விடுங்கள். ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேமைக் கழற்றும் வரை எஃப்எஸ்சிகே பக்கம் போகக் கூடாது.

பிறகு எக்ஸ்ட்4 வகைக்கான எஃப்எஸ்சிகேயால் எழுதாமல் பார்ப்பது: இ2எஃப்எஸ்சிகே -எஃப் -என் /டெவ்/எஸ்டிஏ2

நாலைந்து வரி எரர் வந்து முடிந்தால், திடீரென்று கரண்ட் போனதால் வந்த சாதாரணக் குழப்பம். திரை நிற்காமல் ஓடினால், காப்பி எடுத்த டிஸ்க்கில்தான் பழுது பார்க்க வேண்டும், மூலத்தில் வேண்டாம். பழுதுக்கு ‘-என்’ இருந்த இடத்தில் ‘-ஒய்’. முடிந்ததும் ‘எக்கோ’, இடைவெளி, டாலர் குறி, கேள்விக்குறி என்று தட்டினால் ஒரு எண் வரும். 0 என்றால் சுத்தம், 1 என்றால் பழுது பார்த்தாயிற்று, 4 என்றால் இன்னும் மிச்சம் இருக்கிறது. 0 வரும்வரை திரும்ப ஓட்டுங்கள். பெயர் தெரியாமல் போன ஃபைல்கள் ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ ஃபோல்டரில் எண்களாகக் கிடக்கும்.

இங்கே நடக்கும் தப்புகள் சில. மவுண்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனில் ஓட்டுவது முதல் தப்பு. எச்சரிக்கை வந்தாலும் ‘ஒய்’ அடித்துவிடுகிறார்கள். எஸ்டிஏ2 என்பதற்குப் பதில் எஸ்டிஏ என்று முழு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு, ‘பேட் மேஜிக் நம்பர்’ வந்ததும் எல்லாம் போச்சு என்று தலையில் கை வைப்பது இன்னொன்று. முதலில் பிஎல்கேஐடி தட்டி அது எக்ஸ்ட்4தானா என்று பாருங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர்தான். விண்டோஸ் பார்ட்டிஷன் என்றால் விண்டோஸில் ஏறி செக்டிஸ்க் ஓட்டுங்கள். பிடிஆர்எஃப்எஸ் என்றால் ‘ரிப்பேர்’ ஆப்ஷனைத் தொடவே வேண்டாம், டேட்டாவை எடுத்துக்கொண்டு புதிதாகப் போடுவது உத்தமம்.

எக்ஸ்ட்4தான், பார்ட்டிஷன் பெயரும் சரி, அப்படியும் மேஜிக் நம்பர் எரர் என்றால் மாற்று சூப்பர்பிளாக்கில் (ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புத் தகவலின் பிரதி) முயலுங்கள்: இ2எஃப்எஸ்சிகே -பி 32768 /டெவ்/எஸ்டிஏ2. பி என்பது பாம்பே பி. 4 கேபி பிளாக் உள்ள பார்ட்டிஷனில் முதல் மாற்றுப் பிரதி அந்த இடத்தில்தான் இருக்கும்.

7. இனிட்ராம்எஃப்எஸ், எமர்ஜென்சி மோட்

இனிட்ராம்எஃப்எஸ் திரையில் ‘எக்சிட்’ என்று தட்டினால் உண்மையான காரணத்தைச் சொல்லும். எஃப்எஸ்சிகேயைக் கையால் ஓட்டு என்று வந்தால் மேலே சொன்ன வரிசைதான். யூயூஐடி இல்லை என்று வந்தால் டிஸ்க்கே தெரியவில்லை. மூன்றாவது படிக்குத் திரும்புங்கள்.

எமர்ஜென்சி மோடில் முக்கால்வாசி குற்றவாளி எஃப்எஸ்டேப், அதாவது பூட்டில் எந்தெந்தப் பார்ட்டிஷனை மவுண்ட் செய்வது என்ற பட்டியல். இரண்டாவது டிஸ்க்கை அதில் எழுதி வைத்திருப்பார்கள். யாரோ கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள். ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு சிஸ்டம் நின்றுவிடும். ரூட் பாஸ்வேர்டு தெரிந்தால் உள்ளே போய், மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ / என்று தட்டிவிட்டு, /எட்சி/எஃப்எஸ்டேப்பில் அந்த வரியின் ஆப்ஷன்களோடு ‘,நோஃபெயில்’ சேருங்கள். உபுண்டுவில் ரூட் பூட்டியிருக்கும் என்பதால் லைவ் பென்டிரைவிலிருந்து திருத்துவதே சுலபம். ரூட் பார்ட்டிஷன் வரியில் மட்டும் நோஃபெயில் போடாதீர்கள்.

8. கிரப்

‘கிரப் ரெஸ்க்யூ’ திரையில் எல்எஸ் தட்டினால் எச்டி0,ஜிபிடி2 மாதிரி பெயர்கள் வரும். ஜிபிடியில் பி பேப்பரின் பி, டி டைகரின் டி. ஒவ்வொன்றாக எல்எஸ் (எச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப் என்று தேடி, ஃபைல்கள் தெரிகிற இடத்தைப் பிடியுங்கள். பிறகு வரிசையாக:

செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி2)
செட் ப்ரிஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி2)/பூட்/கிரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

மெனு வந்து சிஸ்டம் ஏறிவிடும். வேலை அதோடு முடியவில்லை. ஏறியதும் கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் இரண்டையும் சூடோவோடு ஓட்டாவிட்டால் அடுத்த முறையும் இதே திரைதான். பழைய பயாஸ் மிஷினில் கிரப்-இன்ஸ்டாலுக்குப் பின் முழு டிஸ்க் பெயரைக் கொடுக்க வேண்டும், பார்ட்டிஷன் எண் கூடாது.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும் மிஷினில் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நேராக விண்டோஸ் ஏறினால் கிரப்பைத் திரும்பப் போட அவசரப்படாதீர்கள். பயாஸின் பூட் வரிசையில் லினக்ஸை மேலே ஏற்றினாலே பல நேரம் போதும்.

9. இடம் நிரம்பியது, புது கர்னல் ஏறாதது

லாகின் சுற்றிச் சுற்றி வந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரையில் நுழைந்து டிஎஃப் -எச் பாருங்கள். 100 சதவீதம் என்றால் குப்பையைக் காலி செய்யுங்கள். அதில் இடம் இருக்கிறது என்று காட்டியும் எழுத முடியாவிட்டால் டிஎஃப் -ஐ. சின்னச் சின்ன ஃபைல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தாலும் இதே தொல்லைதான்.

அப்டேட்டுக்குப் பிறகு கர்னல் பேனிக் வந்தால் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். ஏறினால் டிஸ்க் பெரும்பாலும் நலம். பல நேரம் /பூட் நிரம்பியிருக்கும், புது கர்னலோடு ஏற வேண்டிய இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் பாதியில் நின்றிருக்கும். பழைய கர்னல்களை ஆப்ட் ஆட்டோரிமூவ் போட்டு நீக்கிவிட்டு, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ -கே ஆல்.

10. திருப்பிக் கொடுக்கும் முன்

மூன்று முறை முழுதாக அணைத்து ஏற்றிப் பாருங்கள். வெறும் ரீஸ்டார்ட் போதாது. தளர்ந்த கேபிளும் தீர்ந்த பேட்டரியும் முழுதாக அணைத்தால்தான் முகம் காட்டும். சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு, ஜர்னல்சிடிஎல் -பி -1 இரண்டிலும் டிஸ்க் எரர் ஏதும் இல்லையா என்று பாருங்கள். பி இரண்டாவதில் பாம்பே பி. டெபியன், உபுண்டு, பாஸ் லினக்ஸ் வகையறா என்றால் டெப்சம்ஸ் ஓட்டினால் எந்த சிஸ்டம் ஃபைல் கெட்டிருக்கிறது என்று தெரியும். அந்தப் பேக்கேஜை மட்டும் திரும்பப் போட்டால் போதும்.

யூபிஎஸ்ஸைச் சும்மா பார்த்துவிட்டு வராதீர்கள். சிஸ்டம் ஓடாதபோது யூபிஎஸ்ஸில் ஒரு பல்பு மாட்டி, மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடம்கூடத் தாங்காவிட்டால் உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி போய்விட்டது. அதை மாற்றாமல் ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்து கொடுத்தால் அடுத்த கரண்ட் கட்டில் மறுபடி ஃபோன் வரும்.

5, 197, 199 மூன்றின் எண்களையும் தேதியோடு ஒரு ஸ்டிக்கரில் எழுதி கேஸின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கடைக்காரரிடம் ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டி போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். 199 ஏறியிருந்தால் புதுக் கேபிளும் சரியில்லை, அல்லது போர்டின் போர்ட் கெட்டிருக்கிறது. 197 ஏறியிருந்தால் அந்த டிஸ்க்கை மாற்றிவிட வேண்டும்.